பரபுத்திர பரிபாலனம்: ஒரு பூர்வாங்க ஆராய்ச்சி

யானைக்குக் கஜ சாஸ்திரமும் குதிரைக்கு அசுவ சாஸ்திரமும் வகுத்து, பல்லி தலையில் விழுந்தால் என்ன பலன், தோளில் விழுந்தால் என்ன பலன் என்பது வரையில் சிரத்தையோடு எழுதிவைத்த நம் முன்னோர், சொந்தக் குழந்தை ஒன்று தள்ளாடி நடை பழகிக்கொண்டிருக்கும் வீட்டில் உறவினர் ஒருவருடைய மக்கள் ஐவரைப் பத்து நாள் வைத்துக் காப்பாற்றும் வகை யாது என்பதைப் பற்றி ஒரு சூத்திரமேனும் செய்யாமல் போனது ஏன் என்னும் கேள்வி, முன்னொரு சித்திரை மாதத்தில் ஒரு பிற்பகல், என் மூக்குக்கண்ணாடி கிணற்றில் விழுந்த ஓசையைக் கேட்ட மாத்திரத்தில் என் உள்ளத்தில் உதித்தது. விஷயம் அற்பமானது என்று அவர்கள் ஒதுக்கியிருக்கலாம். அல்லது எழுதலாம் என்று உட்கார்ந்தபோது ஓலையும் எழுத்தாணியும் வைத்த இடத்தில் இல்லாமற் போயிருக்கலாம். பின்னதே பொருத்தம் என்பது என் துணிபு. இக்கட்டுரையின் முதற்படி கிணற்றடித் தொட்டியில் கத்திக்கப்பலாக மிதந்துகொண்டிருந்ததை நானே கண்டேன்.

ஆராய்ச்சிக்குப் பிரமாணம் வேண்டும். நியாய நூலார் பிரத்தியட்சம், அனுமானம், உவமானம், சப்தம் என்று நான்கு பிரமாணங்களைக் கூறுவர். முதல் மூன்றும் எனக்கு வேண்டிய அளவு கிடைத்தன. நான்காவதாகிய சப்தம் என்பதற்குப் பெரியோர் வாக்கு என்று அவர்கள் பொருள் கொண்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அது வேறு பொருளில், விடியற்காலை ஐந்தரை மணி முதல் தாராளமாகக் கிடைத்துவந்தது.

இனி விஷயத்தின் தோற்றுவாய். திருச்சியில் இருக்கும் என் சகலையின் தாயாருக்குக் கண்ணில் புரை முற்றி, 1819-ஆம் ஆண்டில் ஏற்பட்டு இன்றளவும் பார்வை மங்கியவர்களுக்குப் பார்வை கொடுத்துவரும் எழும்பூர்க் கண்ணாஸ்பத்திரியில் சிகிச்சை செய்துகொள்வது என்று தீர்மானமாயிற்று. புரை எடுத்த பிறகு சில நாள் தலையை இப்படி அப்படி அசைக்காமல், இருமாமல், தும்மாமல், மல்லாந்தபடியே கிடக்க வேண்டும் என்பது அந்நாளைய வைத்தியர் கட்டளை. சகலையும் என் மனைவியின் தமக்கையும் கூடி ஆலோசித்து, அசையக்கூடாதவரைச் சென்னைக்கும், அசையாமல் இருக்கமாட்டாதவர்களை நாங்கள் குடியிருந்த மாயவரத்துக்கும் என்று பங்கீடு செய்தார்கள். சகலை ஐவரையும் அழைத்துவந்து, காப்பியைக்கூட நின்றுகொண்டே குடித்துவிட்டு, வந்த வண்டி திரும்புவதற்குள் ஸ்டேஷனுக்கு விரைந்தார். அவ்விரைவின் உட்பொருள் அப்போது எனக்கு விளங்கவில்லை.

முன்னதாக வந்திருந்த கடிதத்தில், ‘குழந்தைகள் பரம சாதுக்கள், உங்களுக்கு ஒரு சிரமமும் இராது’ என்று ஒரு வாக்கியம் இருந்தது. சாது என்னும் சொல்லுக்கு நிகண்டுகள் நல்லோன் என்றும் துறவி என்றும் பொருள் கூறலாம்; உலக வழக்கிலோ அது ‘மிரண்டால் காடு கொள்ளாது’ என்னும் தொடரோடு பிரிக்க முடியாதபடி இணைந்திருக்கிறது. காடே கொள்ளாத பொருள் ஒன்றல்ல, ஐந்து. அவற்றைக் கொள்ளவேண்டிய இடமோ ரேழி, கூடம், முற்றம், கிணற்றடி அடங்கிய இரண்டு கட்டு வாடகை வீடு.

ஐவரில் மூத்தவள் 11 வயதுப் பெண். அவளுக்கு அடுத்தபடி 9, 8 வயதுகளில் இரு பையன்கள். பிறகு 6 வயதில் ஒரு பெண். 4 வயதில் கடைக்குட்டி. இவர்களைப் போன்றோருக்கு ரயில்வேக்காரர்கள் அந்நாளில் தலைக்கு அரை டிக்கெட் என்று விதித்திருந்ததால், ஐவரும் சேர்ந்து வழிநெடுக இரண்டரை ஆளாகவே பிரயாணம் செய்தார்கள். இலைக்கு முன் உட்கார்ந்தபோது அவர்கள் ஏழரை ஆள் ஆனார்கள். ஏழரை என்னும் எண்ணுக்குச் சோதிடத்தில் உள்ள பெருமையை நான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

எங்கள் வீட்டுச் சீமந்த புத்திரனுக்கு அப்போது வயது ஒன்றரை. ஐந்தோடு ஒன்று கூடினால் ஆறு என்று பள்ளிக்கூடத்தில் கற்பிக்கிறார்கள். குழந்தைகள் விஷயத்தில் இக்கணக்கு செல்லாது என்பதை நிரூபிப்பது எளிது. ஐவர் இருந்தால் இருவர் இருவராக மூளக்கூடிய சண்டைகள் 10. ஆறாமவன் ஒருவன் சேர்ந்த அளவில் அவை 15 ஆகின்றன. சண்டை நிற்க, சமாதானத்தை எடுத்துக்கொண்டால் நிலைமை இன்னும் பயங்கரமானது. இருவர் முதல் அறுவர் வரையில் ஒன்றுகூடிச் செய்யத்தக்க சதிக்கூட்டங்கள் எத்தனை என்று ஓர் இரவு தூக்கம் வராமல் கணக்கிட்டேன்: 57. இவற்றுள் பெரும்பாலானவற்றை முதல் வாரத்திலேயே தரிசித்துவிட்டேன். அறுவரும் ஒருமித்த ஐம்பத்தேழாவது கூட்டம் ஒருமுறைதான் கூடிற்று. அதன் பயனாகவே மேற்படி கண்ணாடி கிணற்றில் விழுந்தது. அவ்வரலாறு உரிய இடத்தில் வரும்.

முன்னோர் நூல்களில் வழி காணலாம் என்று புராணங்களைப் புரட்டினேன். கார்த்திகைப் பெண்கள் ஆறு குழந்தைகளை வளர்த்தார்கள் என்பது உண்மையே. ஆனால் பெண்களும் அறுவர் என்பதை நாம் கவனிக்கவேண்டும். ஆளுக்கு ஒரு குழந்தை என்ற இந்த ஏற்பாட்டிலும் ஏதோ சங்கடம் இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பார்வதி தேவி வந்து ஆறையும் ஒருசேர அணைத்து ஒரே குழந்தையாக்க வேண்டிய அவசியம் என்ன? நிர்வாகச் சீர்திருத்தம் என்றால் அதுதான் சீர்திருத்தம். ஆனால் நம்மால் ஆகாது. ஆறு பேரையும் ஒன்றாக அணைக்க நான் முயன்றபோது என் மேல்துண்டு இரண்டாயிற்று. மாத்ரி பெற்ற இருவரைத் தன் மூவரோடு சேர்த்து வளர்த்த குந்தியின் உதாரணம் நம் விஷயத்துக்குக் கிட்டத்தட்டப் பொருந்துவது. எனினும் ஐவருமே சாதுக்கள் என்று யாரும் அவளுக்குக் கடிதம் எழுதி ஏமாற்றவில்லை. காந்தாரியோ நூறு பிள்ளைகளையும் ஒரு பெண்ணையும் தனித்தனியே நெய்க்குடங்களில் வைத்து வளர்த்தவள். அம்முறையில் சச்சரவுக்கு இடமில்லை என்பது அதன் சிறப்பு. நெய் விலை அதன் குறை.

இவ்வகையில் மெய்யான அனுபவ ஞானம் பெற்றவள் யசோதை ஒருத்திதான். தவழும் பிள்ளையை உரலோடு கட்டுவது என்று முடிவு செய்து, எத்தனை கயிறு கொணர்ந்து முடிந்தாலும் ஒவ்வொரு தடவையும் இரண்டு விரற்கடை குறைந்தே போயிற்று என்று பாகவதம் சொல்லுகிறது. பக்தர்கள் இதற்குத் தத்துவார்த்தமாகப் பல வியாக்கியானம் செய்திருக்கிறார்கள். குழந்தையை அணை வைத்துத் தடுத்தவர்கள் எவருக்கும் வியாக்கியானம் தேவையில்லை. எங்கள் முற்றத்துப் படியில் பெட்டியை வைத்து அடைத்தேன். இரண்டு விரற்கடை இடைவெளி இருந்தது. பெட்டியோடு முக்காலியைச் சேர்த்தேன். அப்போதும் இரண்டு விரற்கடை. சீமந்த புத்திரன் அவ்வழியே முதலில் தலையையும், பிறகு தன் முழு ஆகிருதியையும் செலுத்தி, முற்றத்து வெயிலில் நின்று என்னைப் பார்த்துக் கைகொட்டினான்.

அன்ன விஷயத்துக்கு வருவோம். ராத்திரி போஜனத்துக்கு என் மனைவி கண்ட உபாயம் நம் பாட்டிமார் கண்டதே. கல்சட்டி நிறையத் தயிர்ச்சாதம் பிசைந்து, ஐவரையும் அரைவட்டமாக உட்காரவைத்து, வலம் தொடங்கி இடமாக ஆளுக்கோர் உருண்டை உள்ளங்கையில் வைப்பாள். உருண்டையின் உச்சியில் அவரவர் கட்டைவிரலால் குழி செய்யவேண்டும். அக்குழியில் வற்றல் குழம்பு வார்க்கப்படும். பாத்திரம் தேய்க்கும் வேலை குறைவு, உண்ணும் வேகம் அதிகம், ‘எனக்கு வேண்டாம்’ என்னும் சொல்லுக்கு அவகாசமே இல்லை. ஆயினும் குழியின் ஆழத்தைப் பற்றி விதி செய்யாமல் விட்டது பெரும்பிழை. ஒன்பது வயதுக்காரன் உள்ளங்கையைத் தொடும்வரையில் குடைந்துவிட, குழம்பு மணிக்கட்டைக் கடந்து முழங்கை வரையில் ஒழுக, அதை அவன் முழங்கையிலிருந்து மேல்நோக்கி நக்கிக்கொண்டு வரும் காட்சியைக் கண்ட எட்டு வயதுக்காரன் அடுத்த சுற்றில் தானும் அவ்வாறே குடைந்தான்.

அந்நாட்களில் சீமந்த புத்திரனுக்கு மட்டும் தனிக்கிண்ணத்தில் பருப்புச்சாதமும் நெய்யும் நடந்துவந்தன. ‘அவனுக்கு மட்டும் ஏன் நெய்?’ என்று ஒரு வழக்கு எழுந்தது. அவன் குழந்தை என்பது என் தீர்ப்பு. தானும் குழந்தைதான் என்று கடைக்குட்டி மனுச்செய்தான். அது நியாயமாகத் தோன்றவே அவனுக்கும் ஒரு சொட்டு வார்க்கப்பட்டது. நான்கு வயது குழந்தையானால் ஆறு வயது எவ்வாறு கிழவியாகும் என்று அடுத்தவள் வாதித்தாள். அவளை அனுசரித்து எட்டும், எட்டை அனுசரித்து ஒன்பதும் தத்தம் பாத்தியதையை ஸ்தாபித்துக்கொண்டன. மூத்தவளிடம் வந்தவுடன் இத்தொடர் நின்றுவிட்டது. அவள் கேட்கவில்லை, யாரும் கொடுக்கவும் இல்லை. அன்று நான் அதைக் கவனித்தேன் என்று சொன்னால் பொய்யாகும்.

நித்திரைப் பிரகரணம் சுருக்கமானது, ஏனெனில் நித்திரையே சுருக்கம். கூடத்து உத்தரத்தில் பழம்புடவையால் கட்டிய தூளி ஒன்று குழந்தைக்காகத் தொங்கிக்கொண்டிருந்தது. பகல் இரண்டு மணிக்கு அவனை அதில் இட்டு உறங்கவைப்பது வழக்கம். ஐவரிடமும் சத்தம் செய்யக்கூடாது என்று உத்தரவிட்டேன். அவர்கள் அதைச் சிரமேற்கொண்டு, ஒருவர் வாயை ஒருவர் பொத்தி, ‘உஸ்!’ என்று ஒருவரை ஒருவர் அடக்கத் தொடங்கினார்கள். ஐந்து வாய்கள் விடும் ‘உஸ்’ கொல்லன் துருத்திக்குச் சமானம் என்பதை அன்று அறிந்தேன். குழந்தை எழுந்துகொண்டான். மறுநாள் உஸ் என்பதும் தடை செய்யப்பட்டது. வீடு நிசப்தமாயிற்று. சந்தேகம் கொண்டு தூளியை விலக்கிப் பார்த்தால், உள்ளே விரலைச் சூப்பியபடி உறங்குவது கடைக்குட்டி. சீமந்த புத்திரன் சமையலறையில் மிளகாய் வற்றல் டப்பாவுக்கு எதிரில் ஆழ்ந்த யோசனையில் அமர்ந்திருக்கிறான்.

இவ்வயதுப் பிள்ளையின் இயல்பைத் தமிழ்ப் புலவர்கள் அறியாதவர்கள் அல்லர். பிள்ளைத்தமிழ் என்று ஒரு பிரபந்தமே செய்து, காப்பு முதலாகப் பத்துப் பருவங்களும் பருவத்துக்குப் பத்துப் பாட்டுமாக மூன்றாம் மாதந்தொட்டு இருபத்தொன்றாம் மாதம் வரையில் குழந்தையைத் தொடர்ந்து போயிருக்கிறார்கள். இருபத்தொன்றோடு நிறுத்திக்கொண்டது பற்றி ஐயுறுவார் உளர். அதற்குமேல் ஓடமுடியவில்லை என்பதே காரணமாகலாம். ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிற்றில் என்று ஒரு பருவம் வருகிறது. சிறுமியர் கூடி மணலில் சிறுவீடு கட்டிச் சோறாக்கி விளையாடுகையில், பாட்டுடைத் தலைவனாகிய பாலகன் அங்கே வருகிறான்; எங்கள் சிற்றிலை அழிக்காதே என்று அவர்கள் கைகூப்பி வேண்டுகிறார்கள். இதைக் கவியின் கற்பனை என்றே நாற்பது வயது வரையில் நம்பியிருந்தேன். சாய்வுநாற்காலி, இரண்டு தலையணை, என் எட்டு முழ வேட்டி இவற்றைக் கொண்டு கூடத்தில் காலை முழுவதும் ஐவர் எழுப்பிய மாளிகையை நோக்கி, அரைஞாணும் வெள்ளிக்காப்புமாகப் பாட்டுடைத் தலைவன் தள்ளாடி நடந்துவந்த நடையையும், ‘ஐயோ, வரான்! வரான்!’ என்று உள்ளிருந்து எழுந்த ஓலத்தையும் கண்டும் கேட்டும் நின்றபோதுதான், புலவர்களும் பிள்ளை குட்டிக்காரர்களே என்னும் உண்மை துலங்கிற்று. ஒரு வித்தியாசம்: பிரபந்தத்தில் சிற்றில் அழிந்ததா என்று கடைசிவரையில் சொல்லுவதில்லை. இங்கே நாற்காலியின் கம்பும் முறிந்தது.

இத்தகைய சூழ்நிலையில் பரிபாலகன் செய்யத்தக்க காரியம், அந்திதோறும் தலையெண்ணிச் சரிபார்ப்பது ஒன்றே. இரண்டாம் நாள் எண்ணிக்கை ஏழு வந்தது. விசாரித்ததில் ஒன்று அடுத்த வீட்டுக்குரியது என்றும், அது மத்தியானமே எங்கள் வீட்டில் சாப்பிட்டாயிற்று என்றும் தெரிந்தது. ஏழாம் நாள் எண்ணிக்கை ஐந்துதான் வந்தது. திண்ணையிலும் ரேழியிலும் தேடி, மீண்டும் எண்ணினேன், ஐந்து. கிணற்றை எட்டிப் பார்த்தபோது எனக்கு உண்டான நடுக்கத்தை இங்கே விவரிப்பதற்கில்லை. ஆற்றைக் கடந்த சீடர்கள் ஒவ்வொருவனும் தன்னை விட்டுவிட்டு எண்ணி, ஒருவன் குறைகிறான் என்று அழுத கதையை வீரமாமுனிவர் பரமார்த்த குரு கதையில் எழுதியிருக்கிறார். என் பிழை அவ்வகையைச் சேர்ந்ததன்று. ஆறாவது ஆள் எங்கும் போகவில்லை. மூத்தவளுடைய இடுப்பில் இருந்தான். இருவரையும் ஒரே உருவமாக ஏழு நாள் கண்டு பழகிய என் கண், அவ்வுருவத்தை ஒன்று என்று எண்ணிவிட்டது.

இவ்விடத்தில் ஆராய்ச்சி திசைமாறுகிறது. அதுவரையில் இந்த வீட்டை நடத்துகிறவர்கள் நானும் என் மனைவியும் என்னும் கொள்கையை நான் சித்தாந்தமாகக் கொண்டிருந்தேன். மறுநாள் எட்டுத் திசையும் கவனித்துக் குறிப்பெடுத்ததில் அது பூர்வபக்ஷமாகிப் போயிற்று. கடைக்குட்டியின் கால்சட்டைக்குப் பித்தான் போடுவது யார்? ஆறு வயதுக்காரிக்குத் தலைபின்னி, நாடாவை வாயில் கவ்விக்கொண்டு நேர்வகிடு எடுப்பது யார்? பையன்கள் இருவரில் எவன் குளித்தான், எவன் துண்டை நனைத்துக்கொண்டு குளித்ததாகச் சொல்லுகிறான் என்பதைக் காதுக்குப் பின்புறம் பார்த்துக் கண்டுபிடிப்பது யார்? இவ்வளவும் அவள் இடது இடுப்பில் சீமந்த புத்திரனை வைத்துக்கொண்டு வலக்கையால் செய்த காரியங்கள். வளர்ந்த பெண்களுக்கு இடுப்பில் குழந்தை தானாகத் தங்கும். பதினோரு வயதுக்கு இடுப்பு ஏது? ஆகவே அவள் உடம்பையே வலப்புறமாகச் சாய்த்து, இடுப்பெலும்பை ஒரு மேடைபோல் தள்ளி, அதன்மேல் அவனை ஏற்றியிருந்தாள். அவன் பிடித்துப் பிடித்து அவள் பாவாடை நாடாப் பக்கம் அழுக்கேறிக் கறுத்திருந்தது. அவன் இல்லாதபோதும் அவள் அவ்வாறே சாய்ந்து நிற்பதை நான் ஒருமுறை பார்த்தேன்.

நம் இலக்கண நூலார் பெண்களின் வயதைப் பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக ஏழாகப் பகுத்து, எட்டு முதல் பதினொன்று வரையில் உள்ளவளுக்குப் பெதும்பை என்று பெயரிட்டார்கள். அரசன் வீதியில் பவனி வருகையில் இவ்வேழு பருவத்தாரும் அவனைக் கண்டு மயங்குவதாகப் பாடுவது உலா. ஒட்டக்கூத்தர் சோழர் மூவர்மேல் மூன்று உலாப் பாடினார்; அவரே குலோத்துங்கன்மேல் பிள்ளைத்தமிழும் பாடினார். பிள்ளையைப் பாடிய வாயே பெதும்பையையும் பாடியிருக்க, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்ற பெதும்பையை மட்டும் அது பாடாமல் விட்டது எனக்கு விளங்காத ஒன்று. பவனி வந்த வீதியில் அப்படி ஒருத்தியாவது நின்றிருக்க மாட்டாளா? யானைமேல் வந்த ராஜாவை, இடுப்பில் இருப்பவன் மூக்கைத் துடைத்துக்கொண்டே, பாதி கண்ணால் பார்த்துவிட்டு உள்ளே போயிருப்பாள். புலவர் கவனித்திருக்க மாட்டார். நானும் ஏழு நாள் கவனிக்கவில்லை என்பதால் அவரைக் குறை கூறும் பாத்தியதை எனக்கு இல்லை.

இப்பொழுது கிணற்று வரலாறு. எட்டாம் நாள் பிற்பகல், எழும்பூரிலிருந்து பாட்டிக்குச் சௌக்கியம் என்று கார்டு வந்தது. அந்த உற்சாகத்தில் அறுவரும் ஆஸ்பத்திரி விளையாட்டுத் தொடங்கினார்கள். மரப்பாச்சி பாட்டியானாள். பெரிய பையன் வைத்தியன், சின்னவன் ரயில், ஆறு வயதுக்காரி தாதி, கடைக்குட்டி நோயாளிக்காக அழுகிறவன். சிகிச்சை முடிந்த பாட்டிக்குக் கண்ணாடி வேண்டுமாகையால், மேஜைமேலிருந்த என் கண்ணாடியைச் சீமந்த புத்திரன் எடுத்துக்கொடுத்தான். மரப்பாச்சியின் தலைக்கு அது பெரிதாயிருந்தது. நூலால் அதை இறுக முடிந்தவள் மூத்தவள். பத்து நாளில் அவள் விளையாட்டில் சேர்ந்தது அந்த ஒருநாள்தான். பாட்டியை வாளியில் உட்காரவைத்துக் கிணற்று ராட்டினத்தின் வழியாகச் சென்னைக்கு அனுப்புகையில், நம் பாட்டுடைத் தலைவன் கயிற்றைப் பற்றி இழுத்தான். பிறகு பாதாளக் கரண்டி இரவல் வாங்கி ஒருமணி நேரம் துழாவியதில், மூன்று வருஷத்துக்கு முன் போன பித்தளைச் செம்பு ஒன்றும், யாருடையதோ ஓர் இரும்பு வளையமும், மரப்பாச்சியும் கிடைத்தன. கண்ணாடி மட்டும் கிடைக்கவில்லை.

அறுவரையும் வரிசையாக நிறுத்தி நான் கோபித்துக்கொண்டது ஒருத்தியைத்தான். ‘இவ்வளவு பெரியவள், நீ பார்த்துக்கொள்ள வேண்டாமா?’ என்றேன். நெய் வார்க்கும்போது ஒன்பது வயதோடு முடிந்துபோன குழந்தைப் பருவத்துக்கும், இந்தக் கேள்விக்கும் உள்ள சம்பந்தத்தைக் கண்டறிய எனக்கு மேலும் ஒருநாள் பிடித்தது. அவள் ஒன்றும் பேசவில்லை. இடுப்பிலிருந்தவனை மறுபக்கத்துக்கு மாற்றிக்கொண்டாள்.

பத்தாம் நாள் இரவு. மறுநாட் காலை வண்டிக்குச் சகலை வருவதாகக் கடிதம். நால்வரும் பாயில் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்து உறங்கினார்கள். சீமந்த புத்திரனுக்குத் தூக்கம் வரவில்லை. மூத்தவள் அவனை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் ஊஞ்சலாடினாள். பெண்பாற் பிள்ளைத்தமிழில் ஊசல் என்பது கடைசிப் பருவம், அவளுக்கே உரியது. மடியில் ஒருவனை வைத்துக்கொண்டு ஆடவேண்டும் என்று அங்கே விதியில்லை. சற்றுப் பொறுத்து அவள் இறங்கி வந்தாள். பாவாடை மடிப்பிலிருந்து, கிணற்றடியில் பொறுக்கியவை போலும், ஐந்து கூழாங்கற்களை எடுத்துத் தரையில் வைத்தாள்.

“சித்தப்பா, இவனைக் கொஞ்சம் வெச்சுக்கிறீங்களா? ஒரே ஒரு ஆட்டம். முடிச்சிட்டு வாங்கிக்கிறேன்.”

வாங்கிக்கொண்டேன். அவள் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒரு கல்லை மேலே எறிந்து ஒன்றை வாரினாள். ஒவ்வொன்றாக முடித்து, இரண்டிரண்டாக வாரினாள். மூன்றாக வாரும் ஆட்டத்துக்குக் கற்களைப் பரப்பிக்கொண்டிருந்தபோது, பழங்காலத்தில் இதற்குக் கழங்கு என்று பெயர், கட்டுரையில் சேர்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. பென்சிலுக்காகக் கையை நீட்டினேன். மடி காலியாயிருந்தது. எறிந்த கல் இன்னும் மேலேயே இருந்தது. பரப்பிய கற்களுக்கு நடுவில் அவன் போய் உட்கார்ந்து ஒன்றை வாயில் போட்டுக்கொண்டாயிற்று. அவள் மேலே பார்த்த பார்வையை இறக்காமலே, இறங்கிய கல்லை வலக்கையில் ஏந்தினாள். இடக்கை விரல் அதற்குள் அவன் கடைவாய்க்குப் போய்விட்டது.